‘அந்த நாள்’: ஒரு கொலை, ஐந்து சாட்சிகள்

தமிழ்ச் சினிமாவைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுவது வீண் வேலை என்று கருதுவோர் எம்மிடையே இன்னும் உளர். அவர்களோடு வாதிட நாம் இங்கு முற்படவில்லை. அண்மையில் களுதாவளையில் ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் கூடிய ஒரு மாலையிலே, சுவரோரம் கட்டிய வெள்ளைத் துணியில் ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்தோம். படம் முடிந்தபின் வாதம் படத்தைவிட நீண்டுவிட்டது. அந்த வாதத்திலிருந்து எழுந்ததே இக்கட்டுரை.

1954 ஏப்ரலில் வெளிவந்த இப்படத்தை ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், பிற்காலத்தில் வீணை வித்துவானாக உலகறிந்த அதே பாலச்சந்தர்தான். இசையே உயிரான ஒருவர் பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார் என்பது வேடிக்கையன்று. பாட்டு எங்கே தேவையில்லை என்பதை நன்கு அறிந்தவர் பாட்டுக்காரரே. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தொடங்கியவுடன் துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் செத்து விழுகிறான். ‘பராசக்தி’யில் நீதிமன்றக் கூண்டில் நின்று முழங்கிய சிவாஜி கணேசன், அது வெளிவந்து இரண்டாண்டு நிறைவதற்குள் முதற் காட்சியிலேயே பிணமாகிறார். பணம் கொடுத்து வந்த ரசிகன் திகைத்ததில் வியப்பில்லை. வசூலில் படம் தோற்றது, விமர்சகர் போற்றினர், மத்திய அரசின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது.

கதை சுருக்கமானது. 1943 அக்டோபரில் சென்னையின் மீது யப்பானிய விமானம் குண்டு வீசியதற்கு மறுநாள், ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிலே சுடப்பட்டுக் கிடக்கிறான். அயல்வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனின் ஆசைநாயகியான நடனக்காரி அம்புஜம், மனைவி உஷா ஆகிய ஐவரையும் இரகசியப் பொலிஸ் அதிகாரி சிவானந்தம் விசாரிக்கிறார். இவ்வேடத்தை ஏற்ற ஜாவர் சீதாராமனே படத்தின் உரையாடலையும் எழுதியவர். ஒருவர் நீட்டிய விரலை மற்றவர் இன்னொருவர் பக்கம் திருப்ப, ஒவ்வொரு சந்தேகமும் உண்மை போலவே திரையில் நிகழ்கிறது. கண்ணால் காண்பதும் பொய் என்ற பழமொழியைக் கண்ணாலேயே காட்டிவிட்ட துணிவு அது. மாருதி ராவின் ஒளிப்பதிவும் இதற்குத் துணைநிற்கிறது. முகத்தின் பாதி வெளிச்சத்திலும் பாதி இருளிலும் இருக்க, நாம் எந்தப் பாதியை நம்புவது என்று தடுமாறுகிறோம்.

எமது பகுதியினர் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். வடமோடியாயினும் தென்மோடியாயினும், களரிக்கு வரும் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டிலே தான் யார் என்பதைத் தானே சொல்லிவிடும். அரசன் அரசனென்றும் மந்திரி மந்திரியென்றும் அறிவித்துக்கொண்டே வருவார்கள், சபையோருக்கு ஐயமில்லை. எமது பெரும்பாலான தமிழ்ப் படங்களும் இந்த மரபின் பிள்ளைகளே. கதாநாயகன் முதற் பாட்டிலேயே தன் குணத்தைப் பாடிவிடுவான். ‘அந்த நாள்’ இம்மரபை முறித்தது. ராஜன் தன்னைப் பற்றித் தானே எதுவும் சொல்வதில்லை. தம்பிக்கு அவன் கஞ்சன், ஆசைநாயகிக்கு அவன் காதலன், மனைவிக்கு அவன் கணவனும் அதைவிடக் கொடிய வேறொன்றும். மனிதன் என்பவன் பிறரோடு அவன் கொண்ட உறவுகளின் தொகுதியே என்னும் உண்மையைத் தத்துவம் பேசாமலே ஒரு வணிகப் படம் தொட்டுவிட்டது.

அகிரா குரோசாவாவின் ‘ரஷோமொன்’ படத்தைக் கண்டே பாலச்சந்தர் இந்த உத்தியை அமைத்தார் என்பர். 1950 இல் வெளியாகி, அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவிலே தங்கச் சிங்கத்தைப் பெற்ற படம் அது. அகுத்தாகவாவின் இரு சிறுகதைகளை ஆதாரமாகக் கொண்டது. தழுவல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எமது விமர்சகர் சிலரின் வழக்கம். ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வன. ‘ரஷோமொன்’ படத்தில் கொள்ளைக்காரன், பெண், இறந்தவன் ஆகிய மூவரும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லி, கொலையைத் தத்தம் தலையிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன் மானம் பெரிது. ‘அந்த நாள்’ காட்டும் வீட்டிலோ ஒவ்வொருவரும் பழியை அடுத்தவர் தலையில் இறக்குகிறார்கள். முன்னையதில் அழிவது போர்வீரர் மரபு. பின்னையதில் அம்பலமாவது சொத்துள்ள நடுத்தரக் குடும்பம். இன்னொரு வேறுபாடும் உண்டு. குரோசாவா இறுதிவரை தீர்ப்புச் சொல்லவில்லை. பாலச்சந்தரோ பொலிஸ் அதிகாரியின் கையிலே உண்மையை முழுதாகக் கொடுத்து அனுப்புகிறார். இந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருவோம்.

முதலில் அந்தக் குடும்பம். பட்டாபி தன் பங்குச் சொத்தைக் கேட்கிறான், அண்ணன் மறுக்கிறான். இது கொலைக்குப் போதிய காரணமென்று அயலவர், அதிகாரி, பார்க்கும் நாம் என எல்லோரும் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். பங்குச் சண்டையும் கொலையும் அடுத்தடுத்த வீடுகள் என்பதை இந்தச் சமூகம் எவ்வளவு இயல்பாக அறிந்திருக்கிறது! மாணவியொருவர் குறுக்கிட்டு, “எங்கட ஊரில எண்டா வீடே உஷாவின்ர வீடாய் இருந்திருக்கும், சேர்” என்றார். சிரித்தோம், ஆனால் சொன்னது சரி. மட்டக்களப்புப் பகுதியில் வீடு பெண்ணோடு போகும். மணமகனே அங்கு வந்து சேர்பவன். அண்ணன் தம்பி பங்குச் சண்டைக்கு அங்கே இவ்வளவு இடமில்லை. சாட்சியும் சந்தேகமும் சொத்துறவின் மேலேயே கட்டப்படுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நாம் வகுப்பறையில் தந்திருக்க முடியாது.

அம்புஜத்தின் பாத்திரத்தில் படம் பழைய பாதைக்கே திரும்புகிறது. ஆடுபவள் என்றால் ஏமாற்றுபவள் என்ற எண்ணத்தை முதலில் எம் மனத்திலே தூண்டிவிட்டு, பின்னர் அதை முழுதாக மறுக்காமலே விட்டுவிடுகிறது. மற்றவர்களுக்குக் கிடைத்த இரக்கத்தில் பாதிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

உஷாவாக நடித்த பண்டரிபாய்தான் படத்தின் முதுகெலும்பு. கல்லூரிக் காலத்தில் தேசத்தை நேசித்தவள். தேசத்தைப் பேசிய ராஜனையும் நேசித்தவள். அவனோ தன் வானொலித் திறமை மதிக்கப்படாததால் கசந்து, யப்பானியருக்கு இரகசியம் விற்கும் ஒற்றனாகிறான். இதை அறிந்த உஷா துப்பாக்கியை எடுக்கிறாள். அன்றைய தமிழ்ப் படத்திலே ஒரு மனைவி, கணவன் தன்னை அடித்ததற்காகவோ இன்னொருத்தியை நாடியதற்காகவோ அல்ல, அவனுடைய அரசியலுக்காக அவன்மீது ஆயுதம் நீட்டினாள் என்பது சாதாரண விடயமன்று. ஆனால் அந்த இடத்திலேயே படம் பின்வாங்குகிறது. துப்பாக்கி வெடித்தது அவள் தீர்மானத்தாலா, தடுமாற்றத்தாலா என்ற கேள்வியில், தராசு தடுமாற்றத்தின் பக்கமே சாய்க்கப்படுகிறது. தாலி கட்டியவனை அறிந்தே கொன்றாள் என்று சொல்ல 1954 அஞ்சியது. பத்தாண்டு கழித்து வந்த ‘புதிய பறவை’யில் மனைவியின் சாவுக்குக் காரணமான கணவனுக்காக ரசிகர் கண்ணீர் சிந்தினர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், யாருடைய கைக் குற்றம் மன்னிக்கத்தக்கது என்பது விளங்கும்.

இனிப் படத்தின் பெரிய சிக்கலுக்கு வருவோம். ராஜன் துரோகி என்கிறார்கள். எந்த நாட்டுக்கு?

1943 இல் சென்னையை ஆண்டது பிரித்தானியப் பேரரசு. 1942 ஆகஸ்டு முதல் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தனர். படத்திலே அறிவின் வடிவமாக நடமாடும் அந்த இரகசியப் பொலிஸ், உண்மையில் அந்நாட்களில் தேசபக்தர்களையே வேட்டையாடிக்கொண்டிருந்தது. படத்தின் கொலை நிகழ்வதற்கு ஒரு மாதம் முன்பு, 1943 செப்டெம்பர் 10 ஆம் நாள், அதே சென்னையின் சிறையிலே வக்கம் அப்துல் காதர் முதலிய நால்வர் தூக்கிலிடப்பட்டனர். கடல்வழியே வந்த யப்பானிய ஒற்றர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். சுபாஸ் சந்திர போசின் இயக்கத்தைச் சேர்ந்த விடுதலை வீரர் என்று இந்தியா இன்று அவர்களைப் போற்றுகிறது. சுதந்திரம் பெற்று ஏழாண்டில் எடுக்கப்பட்ட படத்தில் இவர்களின் நிழல்கூட விழவில்லை. பேரரசின் பொலிஸ் தேசத்தின் பொலிசாக மாறிவிட, ஏகாதிபத்தியம் திரையிலிருந்தே காணாமற்போய்விடுகிறது.

இதனால் ராஜன் சொன்னதே சரி என்று நாம் வாதிடவில்லை. யப்பானிய இராணுவம் விடுதலை கொண்டுவந்ததில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அதற்குச் சாட்சி. உஷா இதைச் சொல்லியிருந்தால் அவள் கைத்துப்பாக்கிக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். படம் அவள் வாயில் வைப்பதோ பெரும்பாலும் ‘தேசம்’ என்ற வெறுஞ் சொல்லே. அன்றைய இடதுசாரிகளுக்குள்ளேயும் கருத்து ஒன்றாக இருக்கவில்லை. இந்தியக் கம்யூனிஸ்டுகள் அதை மக்கள் யுத்தம் என்றனர். இலங்கைச் சமசமாஜிகள் ஏகாதிபத்திய யுத்தம் என்று எதிர்த்துச் சிறை சென்றனர். 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பிலே குண்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்து என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். அவ்வாண்டு மே மாதம் கொக்கோஸ் தீவில் கிளர்ந்த இலங்கைப் படைவீரர் மூவர் ஆகஸ்டில் கொழும்பிலே தூக்கிலேற்றப்பட்டனர். துரோகியும் தியாகியும் எவ்வளவு அருகருகே நின்ற காலம் அது!

அந்த யுத்தம் களுதாவளைக்குத் தொலைவிலுமில்லை. திருகோணமலை தாக்கப்பட்ட 1942 ஏப்ரல் 9 அன்று, ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் கரைக்கு அப்பாலேயே யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டனர். அதன் உடல் மட்டக்களப்புக் கடலடியிலே இன்றும் கிடக்கிறது. மேற்கே வாவியும் கிழக்கே கடலும், இடையே வெற்றிலைத் தோட்டங்களுமாக உள்ள இந்த மணற்கரையிலிருந்து பார்க்கும்போது, படத்திலே மூட்டை கட்டி ஓடும் சென்னைவாசிகள் எமக்கு அயலார் அல்லர்.

ஆனால் அந்த மாலையிலே வாதம் சூடேறியது 1942 ஐப் பற்றியன்று. ‘துரோகி’ என்ற சொல்லைத் திரையில் கேட்டபோது பின்வரிசையில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். சற்று நேரம் கழித்தே திரும்பினார். அவர் காரணம் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பகுதியில் முப்பதாண்டு யுத்தத்தைக் கண்டவர்களுக்கு அச்சொல் ஒரு வசனமன்று. மின்கம்பத்தில் கட்டப்பட்டுச் சுடப்பட்ட மனிதனின் கழுத்திலே தொங்கிய அட்டையில் அச்சொல் இருந்தது. இராணுவத்தின் சுற்றிவளைப்பிலே முகமூடியிட்ட தலையாட்டியின் ஓர் அசைவில், எதிர்ப்பக்கத்திலிருந்து அதே தீர்ப்பு வந்தது. இரு பக்கத்திலும் சாட்சி ஒருவரே, விசாரணை இல்லை, சின்னையா பிள்ளையும் ஹேமாவும் தத்தம் பொய்யைச் சொல்லக்கூட அவகாசம் இல்லை.

இந்த நினைவோடு பார்க்கும்போது, நாம் முன்னர் குறை என்று கருதிய ஒன்று வேறாகத் தோன்றுகிறது. பாலச்சந்தர் தீர்ப்பைப் பொலிஸ் கையில் கொடுத்தார் என்றோம். ஆயினும் தீர்ப்புக்கு முன்பு ஐவரையும் உட்காரவைத்துப் பேசவிட்டார். வேண்டாத சொல்லையும் கேட்டார். தவறான சொல்லையும் படமாக்கினார். மாணவர்களில் பலர் இதையே படத்தின் பெரும்பேறு என்றனர். ஒரு கொலைக்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம் என்று ஒன்றரை மணிக்கு மேலாகப் பொறுமையோடு கேட்க ஒரு சமூகத்தைப் பழக்குவது சிறிய காரியமா என்று அவர்கள் கேட்டார்கள். நாம் மறுக்கவில்லை.

மறுத்தவர், வெளியே போய்த் திரும்பிய அந்த ஆசிரியரே. ஐவர் பேசினார்கள், ராஜன் பேசவில்லை என்றார் அவர். ‘ரஷோமொன்’ படத்தில் செத்தவனும் வந்து சாட்சி சொல்கிறான். மந்திரக்காரி ஒருத்தியின்மீது ஆவேசித்து, தன் சாவைத் தன் குரலில் சொல்கிறான். எமது கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்வதைக் கண்ட களுதாவளை மாணவருக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் ராஜன் ஏன் ஒற்றனானான், தான் செய்தது எதுவென்று அவன் எண்ணினான் என்பதெல்லாம் அவனைச் சுட்டவளின் வாயால் மட்டுமே எமக்குத் தெரிகிறது. அவள் பொய் சொல்லவில்லை என்று படம் சொல்கிறது. அதற்கு முன் நால்வர் சொன்னபோதும் அப்படித்தானே காட்டியது என்று அவர் கேட்டார்.

பாலச்சந்தர் பின்னர் ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) என மர்மப் படங்களை எடுத்தார். உத்தியிலே அவை தேர்ந்தவை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் திரும்பவில்லை. அடுத்த மாதம் ‘ரஷோமொன்’ படத்தை அதே வெள்ளைத் துணியில் காட்டுவதென்று அன்றிரவே முடிவாயிற்று. துணியைக் கழற்றி மடித்தவர் அந்த ஆசிரியர்தான்.