அனிமே அறிபுனைப் படங்கள்: கை ஓங்கிய இடமும் கதை சறுக்கிய இடமும்

ஜப்பானிய அறிபுனை அதிரடிப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'அகிரா'விலிருந்தே தொடங்குகிறார்கள். 1988இல் வந்த அந்தப் படத்துக்கு இந்த முதல் மரியாதை கிடைத்தது கதையால் அல்ல, உழைப்பால். இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் படத்துக்கு 1,60,000க்கும் மேற்பட்ட செலுலாய்டுத் தாள்கள் தேவைப்பட்டன. பயன்படுத்திய 327 வண்ணங்களில் 50, இந்தப் படத்துக்கென்றே உருவாக்கப்பட்டவை. ஜப்பானில் படத்தை வரைந்த பிறகு குரல் கொடுப்பதுதான் வழக்கம். ஓட்டோமோ வசனங்களை முதலில் பதிவு செய்துவிட்டு, உதட்டசைவை அதற்கேற்ப வரையச் சொன்னார்.

அந்த உழைப்பின் பலன் தொடக்கத் துரத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் நியோ டோக்கியோ, இரவு, இரண்டு பைக் கும்பல்கள். வண்டி கடந்துபோன பின்னும் அதன் பின்விளக்கு சிவப்புக் கோடாக இருளில் இழுபட்டு நிற்கிறது. கூடவே கெய்னோ யாமாஷிரோகுமி குழுவினரின் இசை: பாலித் தீவின் மூங்கில் வாத்தியங்களும் மனிதக் குரல்களும். வேறு யாராக இருந்தாலும் அங்கே மின்கிதாரை அலறவிட்டிருப்பார்கள். மூங்கில் ஒலி சேர்ந்ததும் ரவுடிப் பையன்களின் சண்டை ஏதோ பழஞ்சடங்கு போல மாறிவிடுகிறது.

படத்தின் பின்பாதிக்கு இந்தப் பாராட்டு பொருந்தாது. மூலக்கதையான மங்கா (ஜப்பானியப் படக்கதை) 2,000 பக்கங்களுக்கும் மேல் நீள்வது. படம் வந்தபோது அது முடிந்திருக்கவில்லை, 1990இல்தான் முடிந்தது. அங்கே உயிரோடு நடமாடும் சிறுவனான அகிரா, படத்தில் கண்ணாடிக் குடுவைகளில் அடைபட்ட உறுப்புகளாகச் சுருங்கிவிடுகிறான். மங்காவில் பெரும் சக்தியாக வளரும் மியாகோ அம்மையார் இங்கே தலைகாட்டி மறைகிறார். கலகக்காரர்கள், கர்னலின் ஆட்சிக் கவிழ்ப்பு, ஊழல் அரசியல்வாதி என்று எல்லாம் வந்து நிற்கின்றன, எதற்கும் நேரமில்லை. பைக் கும்பல் பையன்களில் ஒருவனான டெட்சுவோவின் உடல் வீங்கிப் பெருகும் உச்சக்காட்சியைப் பார்த்து மிரளலாம், ஆனால் காரணகாரியம் தேடினால் கைக்கு அகப்படாது. கும்பல் தலைவன் கனேடாவின் நிழலிலேயே வளர்ந்த டெட்சுவோவின் பொருமல் மட்டும் கடைசிவரை உண்மையாக இருக்கிறது. படம் தப்பிப்பது அந்த ஒரு இழையால்தான்.

மமோரு ஓஷியின் 'கோஸ்ட் இன் த ஷெல்' (1995) எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது என்ற பாடத்தைக் கற்றுக்கொண்ட படமாக எனக்குத் தோன்றுகிறது. 82 நிமிடம்தான். மசமுனே ஷிரோவின் மங்காவில் இருந்த கேலியையும் குறும்பையும் ஓஷி ஏறக்குறைய முழுக்கக் கழித்துவிட்டார். படத்தின் நடுவே சில நிமிடங்கள் எதுவுமே நடப்பதில்லை. ஹாங்காங்கை மாதிரியாகக் கொண்டு வரைந்த நகரம், கால்வாய், மழை, கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகள், கென்ஜி கவாயின் இசை. இயந்திர உடல் கொண்ட குசனாகி, தன் முகத்தையே கொண்ட இன்னொருத்தியைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். 'நான் யார்' என்ற கேள்வி ஒரு வார்த்தைகூட இல்லாமல் நம்மிடம் வந்துவிடுகிறது. அதே கேள்வியைப் படகுக் காட்சியில் வசனமாகவும் கேட்கிறார்கள். போதாதென்று முடிவில், குசனாகி தேடும் ஊடுருவியான பப்பெட் மாஸ்டரின் நீண்ட பிரசங்கம் வேறு. காட்சியால் சொல்லி முடித்ததை வாயாலும் சொன்னால் பார்வையாளனை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? குசனாகியின் நிர்வாணத்தில் கேமரா தங்கும் நேரமும் கதைக்குத் தேவையானதைவிட அதிகம்.

ஆனாலும் கவசவண்டியுடனான அந்தச் சண்டை! குண்டுகள் சுவரில் செதுக்கிய பரிணாம மரத்தைச் சிதைத்துக்கொண்டே மேலேறுகின்றன. வண்டியின் மூடியைப் பெயர்க்கப் போராடும் குசனாகியின் கை, அவளுடைய பலத்தாலேயே பிய்ந்து போகிறது. உடலின் எல்லை என்ன என்ற விவாதம் முழுவதும் அந்த ஒரு அசைவில் இருக்கிறது. இந்த வகைமையில் அதிரடியும் சிந்தனையும் இவ்வளவு நெருங்கி வந்த காட்சி வேறில்லை என்பேன். ஓஷியே இதன் தொடர்ச்சியான 'இன்னசென்ஸ்' (2004) படத்தில் அந்த நெருக்கத்தைத் தொலைத்தார். கான் விழாப் போட்டிக்குச் சென்ற படம் அது. பாத்திரங்கள் மேற்கோள்களாலேயே பேசிக்கொள்கின்றன.

பிறகு வந்தவற்றிலும் கை ஓங்க, கதை சறுக்கும் சிக்கல் பெரிதாக மாறவில்லை. ஓட்டோமோ சுமார் பத்தாண்டு உழைத்த 'ஸ்டீம்பாய்' (2004) இயந்திரங்களை நேசித்த அளவுக்கு மனிதர்களை நேசிக்கவில்லை. தகேஷி கோய்கேயின் 'ரெட்லைன்' (2009) கையால் வரைந்த கார்ப் பந்தயம். கதை பேருக்குத்தான், அதைப் படம் மறைக்கவும் முயல்வதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். சதோஷி கோனின் 'பாப்ரிகா' (2006) மட்டும் தனி ரகம். கனவையே களமாக்கியதால் தர்க்கம் நழுவும் இடங்களும் அங்கே கதையின் பகுதியாகிவிடுகின்றன.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 'அகிரா'வைப் பார்த்துவிட்டு மங்காவையும் படியுங்கள், விடுபட்ட பாதி அங்கே இருக்கிறது. 'கோஸ்ட் இன் த ஷெல்'லை 1995ஆம் ஆண்டு வடிவத்தில் தேடிப் பாருங்கள். கணினி வரைகலையால் சில காட்சிகளை மாற்றி, பச்சை நிறத்தையும் ஆரஞ்சாக்கி 2008இல் வெளியிட்ட பதிப்பு வேண்டாம்.