முத்திரை குத்திய திராட்சைத் தோட்டங்கள்

பிரெஞ்சு ஒயின் பாட்டில்களின் பின்லேபிளில் சில ஆண்டுகளாக எச்.வி.இ. என்ற மூன்றெழுத்து குடியேறியிருக்கிறது. ‘உயர் சுற்றுச்சூழல் மதிப்பு’ என்பது அதன் விரிவு; அரசே நடத்தும் சான்றிதழ். யாராவது இதைக் குறைசொன்னால் எப்போதும் ஒரே பதில்தான் வருகிறது. சிறு உற்பத்தியாளர் ஒரே நாளில் இயற்கை வேளாண்மைக்குத் தாவ முடியாது, இது முதல் படி, அவரை ஏறவிடுங்கள் என்கிறார்கள். 2023-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு இந்த வாதத்துக்குத் தெம்பு கூடிவிட்டது. ஓட்டைகளையெல்லாம் அடைத்தாயிற்று, இனிக் குற்றம் சொல்ல என்ன மிச்சம் என்று கேட்கிறார்கள். நிறையவே மிச்சம் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு ஒயின்காரர்களின் சங்கமான வின்யெரோன் அந்தெபாந்தான் இந்தச் சான்றிதழை உறுப்பினர்களிடம் கொண்டுபோக உண்மையாகவே பாடுபட்டது. தனியாகச் செலவு செய்ய முடியாதவர்கள் குழுவாகச் சேர்ந்து சான்று வாங்க வழி இருக்கிறது. எந்த மருந்தை என்றைக்கு எவ்வளவு அடித்தோம் என்பதை ஒழுங்காகக் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இதனால்தான் வந்தது. புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியான மருந்துகளைத் திருத்திய விதிகள் விலக்கிவைத்தன. இவை சின்ன விஷயங்கள் இல்லை.

ஆனால் இந்த முத்திரை எப்படிப் பரவியது என்று பாருங்கள். 2019 தொடக்கத்தில் இதைப் பெற்றிருந்த பண்ணைகள் சுமார் 1,500. 2022 தொடக்கத்தில் 24,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி திராட்சைத் தோட்டங்கள். மூன்றே ஆண்டுகளில் பிரெஞ்சு விவசாயி இவ்வளவு மாறிவிட்டாரா? மருந்துத் தெளிப்பான் ஓயவில்லை, களைக்கொல்லி டப்பாக்கள் கொட்டகையை விட்டு வெளியேறவில்லை. அந்த வேகத்துக்குக் காரணம் ‘பி’ வழி.

2011-இல் இந்த ஏற்பாட்டை வகுத்தபோது மேல்நிலைச் சான்றுக்கு இரண்டு வழிகள் வைத்தார்கள். ‘ஏ’ வழியில் உயிரினப்பன்மை, பயிர்ப்பாதுகாப்பு, உரம், நீர் என நான்கு தலைப்புகளில் மதிப்பெண் எடுக்க வேண்டும். ‘பி’ வழியில் இரண்டே கேள்விகள். நிலத்தில் பத்து சதவீதம் உயிர்வேலி, மரம், குட்டை போன்றவை இருக்கின்றனவா? இடுபொருள் செலவு விற்றுமுதலில் முப்பது சதவீதத்துக்குள் அடங்குகிறதா?

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பேர்பெற்ற ஊரில் ஒருவருக்கு ஓர் எக்டேர் தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆறாயிரம் பாட்டில். ஒன்று 20 யூரோ. விற்றுமுதல் 1,20,000 யூரோ. அவர் மருந்துக்கும் உரத்துக்கும் 3,000 யூரோ செலவழித்தால் இரண்டரை சதவீதம். பத்து மடங்கு அடித்தாலும் தேறிவிடுவார். இன்னொருவர் தெற்கே லாங்கெதோக்கில் இருக்கிறார். பேரில்லாத ஊர். ஐம்பது ஹெக்டோலிட்டர் ஒயினை டேங்கர் லாரியில் ஏற்றி, ஹெக்டோலிட்டர் 80 யூரோவுக்குத் தள்ளிவிடுகிறார். விற்றுமுதல் 4,000. முதலாமவரின் செலவில் பாதி, அதாவது 1,500 யூரோ செலவழித்தாலும் முப்பத்தேழரை சதவீதம் ஆகிவிடும், அவர் தோற்றார். நிலத்தில் விழும் விஷத்தை விற்பனை விலையால் வகுத்து எடுத்த மதிப்பெண் இது. ஒருவருடைய எடையை அவர் சம்பளத்தால் வகுத்துவிட்டு ஆள் இளைத்துவிட்டார் என்பது போன்றது. சிறு உற்பத்தியாளருக்குக் கைகொடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட திட்டத்தின் வாசலில், விலை கிடைக்காத சிறு உற்பத்தியாளரைத் தடுத்து, விலை கிடைக்கும் பெரிய பெயரை உள்ளே அனுப்பும் சூத்திரம் உட்கார்ந்திருந்தது.

முதல் கேள்வியும் இதற்குச் சளைத்ததில்லை. உயிர்வேலியை அளக்க ஒரு சமன்கணக்கு இருந்தது; ஒரு மீட்டர் வேலி நூறு சதுர மீட்டருக்குச் சமம் என்று வைத்திருந்தார்கள். அப்படியென்றால் ஓர் எக்டேருக்குப் பத்து மீட்டர் வேலி போதும். சாலையோரம் தாத்தா காலத்துப் புதர் ஒன்று நின்றாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிரெஞ்சு அரசின் உயிரினப்பன்மை அலுவலகமே இதைச் சோதித்து ஒரு குறிப்பு எழுதியது. 2021 மே மாதம் ‘லெ மோந்த்’ நாளிதழ் அதை வெளியில் கொண்டுவந்தது. பெரும்பாலான பண்ணைகளில் இந்தச் சான்றால் சுற்றுச்சூழலுக்குப் பயனில்லை என்பதே அதன் சாரம். இவ்வளவுக்குப் பிறகுதான் ‘பி’ வழி மூடப்பட்டது. ஏற்கெனவே சான்று பெற்றவர்களுக்கு அவகாசமும் கொடுத்தார்கள்.

சரி, மூடியாயிற்று. இனி மிஞ்சுவது ‘முதல் படி’ வாதம். எனக்கு நெடுநாளாக உறுத்துவதும் அதுதான்.

சட்டத்தில் இந்த ஏற்பாட்டுக்கு மூன்று நிலைகள். நடப்பிலுள்ள விதிகளை மதிப்பது முதல் நிலை. சில நல்ல நடைமுறைகளைக் கடைப்பிடிப்பது இரண்டாம் நிலை. எச்.வி.இ. என்பது மூன்றாவது, அதாவது கடைசி நிலை. தன் ஏணியின் உச்சிப்படியையே முதல் படி என்று சொல்கிறார்கள். அதற்கு மேல் படி கிடையாது. சான்று மூன்றாண்டுக்குச் செல்லும்; மூன்றாண்டு கழித்து அதே மதிப்பெண்ணை எடுத்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். போன முறையைவிடக் குறைவாகத் தெளித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. கிளைபோசேட் களைக்கொல்லியை இத்தனை ஆண்டுக்குள் விட்டுவிட வேண்டும் என்று கெடு இல்லை. கலிஃபோர்னியாவின் ‘நாபா கிரீன்’ ஒயின் சான்று அமைப்புகூட இந்த விஷயத்தில் வாய்தா குறித்துவிட்டது: 2026 தொடக்கத்துக்குள் கிளைபோசேட், 2028-க்குள் எல்லாச் செயற்கைக் களைக்கொல்லியும். அங்கே படி என்று சொன்னால் அடுத்த படி எங்கே என்று காட்ட முடியும். இங்கே காட்ட முடிவது ஒரு திண்ணைதான். ஏறி உட்கார்ந்தவர் இறங்க வேண்டியதில்லை, மேலே போகவும் வேண்டியதில்லை.

திருத்திய விதியிலும் மருந்துத் தெளிப்புக்கான மதிப்பெண், அந்த வட்டாரத்தின் வழக்கத்தோடு ஒப்பிட்டே கிடைக்கிறது. ஊரே அதிகமாக அடித்தால் அளவுகோலும் மேலே போய்விடும். அதைவிடக் கொஞ்சம் குறைத்தவர் பச்சை மனிதர்.

நான்கு தலைப்புகளில் மனிதரைப் பற்றியது ஒன்றுகூட இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லவேண்டும். 2023 அறுவடையின்போது கொளுத்திய வெயிலில் ஷாம்பெயின் பகுதியில் திராட்சை பறிக்க வந்த தொழிலாளர்கள் இறந்தார்கள். தோட்டத்தில் வண்டுக்கு மதிப்பெண் உண்டு, கூலிக்காரருக்குக் குடிநீரும் நிழலும் இருந்தனவா என்பதற்கு இல்லை.

இனி சிறு உற்பத்தியாளரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மே மாதம். இரண்டு நாள் மழை. இலைக்குப் பின்னால் அடிச்சாம்பல் நோயின் வெள்ளைப்பூச்சு தெரிய ஆரம்பித்திருக்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அது பிறந்ததே போர்டோவில், இதே நோயை விரட்டத்தான். செம்பு மருந்து இலைமேல் மட்டும் நிற்கும். இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி அடிக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி ஏழாண்டில் எக்டேருக்கு 28 கிலோ செம்பைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு வேறு. களிமண் நிலம் சேறாகக் கிடக்கிறது; டிராக்டர் இறங்காது. இந்த இடத்தில்தான் இலைக்குள் ஊறி இரண்டு வாரம் நிற்கும் ரசாயன மருந்தின் பக்கம் கை போகிறது. ஆளும் பெரும்பாலும் ஒருவர்தான். பாதாள அறையில் பீப்பாயைப் பார்ப்பதும், சனிக்கிழமைச் சந்தையில் பாட்டில் விற்பதும் அவரே.

இவருக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டால், படிவம் நிரப்பக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லமாட்டார். சேற்றில் இறங்கும் சங்கிலிச்சக்கர டிராக்டர் வேண்டும். கொடியின் அடிப்பகுதியைக் களைக்கொல்லி இல்லாமல் கொத்திவிடும் கருவி வேண்டும். மழைக்கு முன் எச்சரிக்கும் வானிலைப் பெட்டி பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாலும் போதும். பிரான்ஸில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ‘குமா’ என்ற விவசாயக் கருவிக் கூட்டுறவுகள் 1945 முதல் சட்டபூர்வமாக இயங்குகின்றன. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவார்கள். இந்த உதவியை எந்த லேபிளிலும் அச்சடிக்க முடியாது, அதனால் சந்தைக்கு இதில் ஆர்வமில்லை.

கொடியையே மாற்றுவது இன்னும் பெரிய வழி. பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனமான இன்ரே உருவாக்கிய அர்தபான், விடோக், ஃப்ளோரேயால், வோல்த்தி என்ற நான்கு ரகங்களும் 2018-இல் பயிரிட அனுமதி பெற்றன. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் இரண்டையும் தாங்குபவை. பூஞ்சைக்கொல்லித் தெளிப்பில் பெரும்பகுதியை நிறுத்திவிடலாம். ஆனால் ஊர்ப்பெயர் போட்டு விற்கும் ஒயினில் இத்தகைய சோதனை ரகங்களைத் தோட்டத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நடக் கூடாது, கலவையில் பத்து சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. மருந்தைக் குறைக்கக் கையிலிருக்கும் மிகக் கூர்மையான கருவிக்கு உறை மாட்டி வைத்துவிட்டு, மருந்து அடித்த நோட்டைத் தணிக்கை செய்கிறோம்.

கண்ணாடியையும் பாருங்கள். ஒரு பாட்டில் ஒயினின் கரிமக் கணக்கைப் போட்டால் பெரும்பாலும் தனிப்பெரும் பங்கு பாட்டிலுக்குத்தான் போகிறது. தோட்டத்தை மட்டும் பார்க்கும் எச்.வி.இ. இதைத் தொடுவதே இல்லை. ஒரு கிலோவை நெருங்கும் கனத்த பாட்டிலிலும் அந்த மூன்றெழுத்தை ஒட்டலாம். 2023-இல் ‘சஸ்டெய்னபிள் ஒயின் ரவுண்ட்டேபிள்’ அமைப்பின் கீழ் சில பெரிய சில்லறை வணிகர்கள் சேர்ந்து, தாங்கள் விற்கும் 750 மில்லிலிட்டர் பாட்டிலின் சராசரி எடையை 550 கிராமிலிருந்து 2026 முடிவுக்குள் 420-க்குக் கீழே இறக்குவதாக ஒப்பந்தம் போட்டார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பாரத்தை வாங்குகிறவர் தன் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எடை குறைந்த பாட்டில்தான் வேண்டும் என்று பெரிய கடை கேட்டால் கண்ணாடி ஆலை வார்த்துக் கொடுக்கும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பாட்டில் வாங்கும் தனி ஒயின்காரர் கேட்டால் யார் காதில் விழும்?

எச்.வி.இ. விஷயத்தில் நடந்ததோ நேர் எதிர். சூப்பர்மார்க்கெட்டும் மொத்த வணிகரும் ‘சான்று இருக்கிறதா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். செயின்ட் எமிலியோன் போன்ற பேர்பெற்ற ஒயின் ஊர்கள் ஏதாவது ஒரு சுற்றுச்சூழல் சான்று இருந்தால்தான் ஊர்ப்பெயர் தருவது என்ற பக்கம் நகர்ந்தன. வசதி உள்ள பெரிய ஒயின் பண்ணையில் இதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆள் இருப்பார். தணிக்கை என்பது நூறு எக்டேருக்கும் ஒரு நாள், ஐந்து எக்டேருக்கும் கிட்டத்தட்ட ஒரு நாள். பாட்டில் ஒன்றுக்கு வகுத்தால் யார் அதிகம் கொடுக்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. விலையைக் கூட்டிக் கொடுக்காமல் நிபந்தனையை மட்டும் கூட்டுகிற வணிகருக்கு, சிறு உற்பத்தியாளரின் பெயரைச் சொல்லியே காவல் நிற்கிறது இந்த ‘முதல் படி’ வாதம்.

சான்றே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1964-இல் தொடங்கிய ‘நத்தூர் எ ப்ரொக்ரே’ சங்கம் இன்றும் தோட்டத்தைச் சக விவசாயிகளும் நுகர்வோரும் நேரில் வந்து பார்க்கும் முறையில்தான் முத்திரை தருகிறது. நம் ஊரில் பங்கேற்பு உத்தரவாத முறை என்று இயற்கை விவசாயக் குழுக்கள் கடைப்பிடிப்பதும் இதன் உறவுக்காரன்தான். பார்க்க வருகிறவருக்குத் திராட்சை தெரியும். கொடிக்கடியில் மண் ஏன் இறுகிக் கிடக்கிறது என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தன் தோட்டத்தில் எப்படிச் சரிசெய்தார் என்றும் சொல்லிவிட்டுப் போவார். தணிக்கையும் பயிற்சியும் ஒரே நடையில் முடிந்துவிடும். இதைப் பெரிதாக்குவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை காட்ட விரும்பும் அமைச்சகத்துக்கு இது உதவாது.

எண்ணிக்கைதான் தேவைப்பட்டது என்பதற்குப் பணம் போன வழியே சாட்சி. எச்.வி.இ. சான்று பெற்ற பண்ணைக்கு 2,500 யூரோ வரிச்சலுகை என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. ‘பி’ வழி திறந்திருந்த காலத்திலேயே. பேர்பெற்ற ஊரின் நம் ஆறாயிரம் பாட்டில்காரர் ஒரு தெளிப்பையும் குறைக்காமல் அதை வாங்கியிருக்க முடியும். லாங்கெதோக்காரருக்குச் சான்றும் கிடைத்திருக்காது, சலுகையும் கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட பத்துப் பேருக்கு அதே தொகையைக் கொடுத்திருந்தால் 25,000 யூரோ. அவர்கள் ஊர்க் ‘குமா’வில் களைக்கருவி வாங்க முன்பணம் கட்டியிருப்பார்கள்.