ருக்மணி தேவியும் ஈழத்துத் திரைப்பட வரலாறும்: ஒரு மறுநோக்கு

ஈழத்துத் தமிழரின் கலை வரலாற்றை எழுதுவோர் கூத்துக்கும் நாடகத்துக்கும் அளித்த கவனத்தைத் திரைப்படத்துக்கு அளித்தாரல்லர். அளித்த சிலரும் 1960களின் தொடக்கத்தில் வெளியான ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ ஆகிய படங்களிலிருந்தே தம் வரலாற்றைத் தொடங்குவர். அவற்றுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, சிங்களத்தில் வெளியான முதலாவது பேசும் படத்தில் ஒரு தமிழ்ப் பெண் கதாநாயகியாகத் தோன்றினார். இவ்வுண்மைக்கு நமது வரலாற்றில் எத்தகைய இடம் அளிப்பது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும். அவரை ‘நம்மவர்’ என உரிமை கொண்டாடுவது நமது நோக்கமன்று. அவரது கலைவாழ்வு, மொழி என்னும் ஒரே அளவுகோலால் கலை வரலாற்றை வகுக்கும் நமது முறையின் போதாமையைப் புலப்படுத்துகின்றது என்பதே நமது கருத்து.

ருக்மணி தேவி 1923 ஜனவரி 15இல் நுவரெலியாவை அடுத்த றம்பொடையில், தமிழ்க் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தபின் வெள்ளவத்தை சென் கிளேயர்ஸ் பாடசாலையிற் கல்வி கற்றார். பன்னிரண்டு வயதளவில் ‘ராமாயணய’ என்னும் சிங்கள மேடை நாடகத்திற் சீதையாக நடித்தார். 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து, புத்தகயா விகாரையைப் போற்றும் பாடலொன்றை இசைத்தட்டிற் பாடினார். பின்னர் பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்து, அவர்தம் இளவலும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை மணந்தார். அக்குழுவின் நாடகங்களுள் ஒன்றான ‘கடவுணு பொறொந்துவ’ திரைப்படமாகி 1947 ஜனவரி 21இல் வெளியாயிற்று. ‘முறிந்த வாக்குறுதி’ எனப் பொருள்படும் அப்படத்தின் நாயகி ருக்மணி தேவியே. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் உருவானது தமிழ்நாட்டில்.

இச்செய்திகளை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பிறப்பாற் கிறித்தவர், சீதையாக நடித்தவர், கண்ணனின் தேவியது பெயரைக் கலைப்பெயராக ஏற்றவர், பௌத்தத் திருத்தலத்தைப் பாடிப் புகழடைந்தவர், பாடிய மொழியோ சிங்களம். இப்பண்புகள் முரணின்றி ஒருவரிடத்தே கூடியமைக்கு அவரது தனியாற்றல் மட்டுமே காரணமன்று. அக்காலக் கொழும்பின் நாடக அரங்கும் இசைத்தட்டு வாணிபமும் இன, மத எல்லைகளை இறுகப் பேணவில்லை என்பதே அடிப்படைக் காரணமாகும். எனினும் இதனைப் பொற்காலமாகக் கற்பித்துக்கொள்ளுதல் தவறு. ‘இராசம்மா’ மறைந்தே ‘ருக்மணி தேவி’ தோன்றினார். அரங்கு அவரை ஏற்றது. அவர்தம் தாய்மொழியை அவரிடம் அது வேண்டிநிற்கவில்லை.

அவர் ஏன் தமிழ்ப் படத்தில் நிலைபெறவில்லை என வினவுவோர் அக்காலச் சந்தை நிலையை மறந்துவிடுகின்றனர். 1930கள் தொட்டே இலங்கைத் தமிழ்ப் பார்வையாளரின் தேவையைச் சென்னைப் படங்கள் நிறைவு செய்து வந்தன. இறக்குமதி செய்து இலாபம் ஈட்ட வழியிருந்தபோது, உள்ளூரில் தமிழ்ப் படம் எடுக்க முதலீட்டாளர் எவரும் முன்வரக் காரணமில்லை. ஆகவே இந்நாட்டிலிருந்தபடி திரைக்கு வர விரும்பிய தமிழ்ப் பெண்ணுக்குத் திறந்திருந்த வாயில் சிங்களப் படம் ஒன்றே. தமிழ் முதலும் தமிழ் நடிப்பாற்றலும் சிங்களப் படத்தை உருவாக்க, ஈழத்துத் தமிழ்த் திரைப்படமோ பிறவாதிருந்தது. நாயகமும் ருக்மணி தேவியும் ஒரே வரலாற்று நிலைமையின் இரு பக்கங்களாவர்.

இனி, அவரது நடிப்பைப் பற்றிய மதிப்பீட்டை நோக்குவோம். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ வெளியானது. படப்பிடிப்புக் கூடத்தைத் துறந்து கிராமத்தின் இயற்கை ஒளியில் எடுக்கப்பட்ட அப்படம் மறுவருடம் கான் விழாவிற் காட்டப்பட்டது. அதன்பின் எழுந்த திறனாய்வு, முந்தைய படங்களனைத்தையும் ‘தென்னிந்திய வாய்பாடு’ என ஒதுக்கிற்று. இத்தொடரில் இரு வேறு கருத்துகள் கலந்துள்ளன. தீட்டிய திரைகள், நாடகப் பாங்கான உரையாடல், கதையோடு ஒட்டாத பாடல்கள் என்பன பற்றிய வடிவக் குறை ஒன்று. அது பெரிதும் ஏற்கத்தக்கதே. அக்குறைக்கு ஒரு நாட்டையும் ஓர் இனத்தையும் பெயராகச் சூட்டுவது மற்றொன்று, அது ஏற்கத்தக்கதன்று. பீரிஸின் ‘சந்தேசய’ படத்தை 1960இல் தயாரித்தவரும் கே. குணரத்தினம் என்னும் தமிழரே என்பது இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும்.

ருக்மணி தேவியின் நடிப்பு, கடைசி வரிசையில் இருப்போருக்கும் கேட்குமாறு மேடையிற் பயின்ற நடிப்பு. அண்மைக் காட்சியின் நுண்மைக்கு அது பொருந்தாத இடங்கள் உண்டு. ஆயின் அவர் தம் பாடலைத் தாமே பாடி நடித்தவர். பின்னணிப் பாடல் முறை வேரூன்றியபின் முகம் ஒருவருக்கும் குரல் வேறொருவருக்கும் உரியவாயின. அப்பிரிவுக்கு முற்பட்ட கலையை அதற்குப் பிற்பட்ட அளவையால் நிறுப்பது நேர்மையான திறனாய்வாகாது. மக்கள் அவரை முதன்மையாகப் பாடகியாகவே நினைவுகூர்வது, அக்கலையின் மையம் எங்கிருந்தது என்பதைத் திறனாய்வாளரினும் அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தமையைக் காட்டுகின்றது.

புதிய அலை எழுந்தபோது அவருக்குரிய இடம் சுருங்கியது. நாயகி வேடங்கள் குறைந்தன. மேடை இசை நிகழ்ச்சிகளே அவரை மக்களோடு தொடர்ந்து பிணைத்திருந்தன. 1978 அக்டோபர் 28இல், மாத்தறையில் நடைபெற்ற இசை நிகழ்ச்சியொன்றிற் பாடிவிட்டு நீர்கொழும்பிலுள்ள தம் இல்லம் நோக்கித் திரும்புகையில், ஜா-எலவை அடுத்த துடெல்லவில் நிகழ்ந்த வாகன விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. முதற் படத்தின் நாயகி, முப்பத்தோராண்டுகளின் பின்னரும் இரவு நிகழ்ச்சிக்காக நாட்டின் தென்கோடிவரை சென்று திரும்ப வேண்டியிருந்தது என்பது, முன்னோடிகளை நமது கலைத்துறை நடத்தும் முறைக்குச் சான்றாக நிற்கின்றது.

புறக்கோட்டையிலிருந்து நீர்கொழும்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையை இவ்வரலாற்றின் வரைபடமாகக் கொள்ளலாம். வத்தளையை அடுத்த ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ இருந்தது. 1983 ஜூலை வன்செயலில் அது எரியூட்டப்பட்டது. எரிந்தவற்றுட் பெரும்பகுதி சிங்களப் படங்களின் மூலச்சுருள்களே. அப்பாற் கந்தானையில் நாயகம் நிறுவிய சுந்தரா ஸ்டூடியோ இருந்தது. அதனைக் கடந்தால் துடெல்ல, முடிவில் நீர்கொழும்பு. தமிழர் சொத்தென எண்ணித் தீயிட்டவர்கள் தம் கலைச்செல்வத்தையே எரித்தனர். கூட்டு உழைப்பில் உருவானதொன்றை இனத்தின் பெயராற் பிரித்தறிய முனைவதன் விளைவு இதனினும் தெளிவாகப் புலப்பட இயலாது.

அத்தீயோடு ஒப்பிடத்தக்கதன்றெனினும், ஏட்டிலும் ஒருவகை அழிவு நிகழ்கின்றது. சிங்களத் திரைப்பட வரலாறு ருக்மணி தேவியைப் போற்றும்போது அவரை உருவாக்கிய தமிழ்ச் சூழலை மறந்துவிடுகின்றது. நமது வரலாறோ அவர் சிங்களத்திற் பாடினார் என்பதற்காக அவரையே மறந்துவிடுகின்றது. ஈழத்துத் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் தமிழ் பேசிய படங்களை மட்டுமன்றி, முதலீட்டாளர், நடிகர், இசைஞர், தொழில்நுட்பவியலாளர் எனத் தமிழர் உழைத்த படங்கள் அனைத்தையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் வரலாறு 1947இலிருந்தே தொடங்கும். அதன் முதற் பக்கத்தில் இராசம்மா என்னும் பெயரும் ருக்மணி தேவி என்னும் பெயரும் அருகருகே இடம்பெறும்.