நித்தி கனகரத்தினமும் நாட்டார் பாடல் மரபும்

பொப்பிசை மேனாட்டிலிருந்து வந்த வெறுங் களியாட்டமென்றும், தமிழ்ப் பாடல் மரபோடு அதற்கு யாதோர் உறவுமில்லையென்றும் கருதுவார் உளர். உரும்பிராய் ஈந்த பாடகர் நித்தி கனகரத்தினம் தாமே இயற்றிப் பாடிய பாடல்களை நுணுகி நோக்குவார்க்கு இக்கருத்தின் பொருந்தாமை புலனாகும்.

1960களின் பிற்பகுதியில் எழுந்த 'சின்ன மாமியே' என்னும் பாடலே அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. அதன் துள்ளல் நடை, போர்த்துக்கேயர் வழியாக இலங்கையில் வேரூன்றிய பைலாவைச் சார்ந்தது. ஆயின், பாடலின் உயிர் அதன் அமைப்பிலே உளது. மருமகன் மகளைப் பற்றி வினவுகிறான்; மாமி பெருமையோடு விடையிறுக்கிறாள்; அப்பெருமையே நகைப்பொருளாகிறது. வினாவும் விடையுமாக நடப்பதும், முறைமைக்காரர் ஒருவரையொருவர் நையாண்டி செய்வதும் நாட்டார் பாடலின் பழைய நெறிகளாம். மொழியோ யாழ்ப்பாணத்து வீட்டுமுற்றத்துப் பேச்சு. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பதும் அறவுரையை ஆடிப்பாடும் மெட்டிலே வைத்துத் தருவது.

மக்கள் பாடலைச் சான்றோர் புறக்கணித்தல் நம் மரபன்று. தொல்காப்பியர் பண்ணத்திக்கு இலக்கணங் கூறினார். இளங்கோவடிகள் அம்மானையையும் வள்ளைப்பாட்டையும் காப்பியத்துள் ஏற்றினார்.

அமெரிக்கப் பாடகர் வூடி கத்ரியை (1912–1967) ஈண்டு ஒப்புநோக்கலாம். 1930களில் வறட்சியாலும் புழுதிப்புயலாலும் நிலத்தை விட்டகன்ற உழவரின் துயரை, பழைய மெட்டுக்களிற் புதுச்சொல் அமைத்து அவர் பாடினார். இருவரும் ஊர்ப்பேச்சையே பாட்டாக்கினர். எனினும், கத்ரி துயரத்தையும் பாடுபொருளாக்கினார். நித்தியின் புகழ்பெற்ற பாடல்கள் நகைச்சுவையின் எல்லையைப் பெரிதுங் கடப்பதில்லை. இஃது ஒரு குறையே.

இவ்வாராய்ச்சி எமக்கு வெறும் ஏட்டுப்பொருள் அன்று. முள்ளிவாய்க்காலிலும் அதன் அயலிலும் 2009ஆம் ஆண்டுப் போரிலே பாட்டறிந்த முதியோர் பலரை இழந்தோம். வயலில் இன்று இயந்திரம் அறுவடை செய்கிறது. அருவிவெட்டுப் பாடலை மாணவர் தேர்வுக்காக மனனஞ் செய்கின்றனர். தொகுத்து அச்சிடுதல் இன்றியமையாத பணியே. ஆயினும் அச்சேறிய பாடல் ஏட்டில் மட்டுமே வாழும். அது நாவில் வாழ்வதற்கு, தன் ஊர்ப்பேச்சில் தன் காலத்தைப் பாடும் ஒருவன் தோன்றுதல் வேண்டும். கிற்றாரும் பைலாவும் அதற்குத் தடையல்ல என்பதை நித்தி கனகரத்தினம் காட்டினார். அவர் நகையைப் பாடினார். எம் துயரையும் மீட்சியையும் அவ்வாறே பாடவல்ல இளைஞர் வன்னியில் எழுவாராயின், அவரைப் பொப்பிசைக்காரர் என்று நாம் ஒதுக்காதிருப்போமாக.