விடிய விடியக் கேட்டல்: மின்னணு இசை இரவும் ‘ரசிகர்’ என்னும் கருத்தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

இரவு முழுதும் நிகழும் மின்னணு நடன இசையின் ரசிகரைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் நுகர்வோராகவோ மேலைப் பழக்கத்தைப் பின்பற்றுவோராகவோ கருதிவருகிறது. அவ்விசையின் கேட்புமுறையைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் ‘விறல்’ என்னும் கருத்தாலும், தெருக்கூத்தின் இரவமைப்பாலும் இக்கட்டுரை விளக்குகிறது. தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் அத்தகைய இரவு யாருக்கு வாய்க்கிறது என்னும் வினாவையும் எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: மின்னணு இசை, ரசிகர், மெய்ப்பாடு, விறல், தெருக்கூத்து, புறநகர்.

முன்னுரை

‘ரசிகர்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. சபா அரங்கில் இராகத்தின் நுட்பம் அறிந்து அமர்ந்து கேட்பவர் ஒருவர். நடிகரின் பெயரால் மன்றம் அமைத்து அவரைப் போற்றுபவர் மற்றொருவர். முன்னவருக்கு அறிவும் பின்னவருக்குப் பற்றும் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. இரவெல்லாம் நின்றும் ஆடியும் மின்னணு இசையைக் கேட்பவர் இவ்விரு வகையிலும் முழுமையாக அடங்குவதில்லை. அவர் பாடலின் சொற்பொருளைத் தேடுவதில்லை. பல வேளைகளில் அங்குப் பாடலே இருப்பதில்லை. மேடையில் இருப்பவரின் முகம் தெரியாத இருளிலும் அவருடைய ஈடுபாடு குறைவதில்லை. ஆகவே இவருக்குரிய கேட்புமுறையைத் தனியே வரையறுக்க வேண்டியுள்ளது.

அயன்மை என்னும் மறுப்பு

இவ்விசை நம் மரபுக்கு அயலானது என்னும் கருத்தை முதலில் ஆராய வேண்டும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மின்னணு இசைக்கூடம் நிறுவப்பட்டது. சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளால் டிஸ்கோ தாளத்தில் அமைத்து வெளியிட்டார். 2010இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவில் பின்னர் உருவான ஆசிட் ஹவுஸ் இசையோடு அதற்குள்ள ஒப்புமை உலக அளவில் பேசப்பட்டது. தமிழில் இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) கணினி இசையை வெகுமக்களிடம் கொண்டுசென்றது. ஏ.ஆர்.ரகுமானின் ‘ரோஜா’ (1992) முதலாக மின்னணு ஒலி தமிழ்த் திரையிசையின் இயல்பாகவே ஆகிவிட்டது. எனவே ஒலியளவில் அயன்மை என்னும் மறுப்பு நிற்காது. தமிழ்க் கேட்போருக்குப் புதியதாகத் தோன்றுவது அவ்வொலியை இரவு முழுதும் இடையறாமல் கேட்கும் முறையே ஆகும்.

இரவின் கட்டமைப்பு

அம்முறையும் தொண்டை மண்டலத்துக்குப் புதியதன்று. தாம்பரத்தை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டுப் பகுதியிலும், புரிசை போன்ற கூத்து மரபுள்ள ஊர்களிலும், தெருக்கூத்து விடியும்வரை நிகழ்வது வழக்கம். ‘அர்ச்சுனன் தபசு’ நிகழ்த்தப்படும்போது கலைஞர் தவக்கம்பம் ஏறும் கட்டம் இரவின் பிற்பகுதியில் அமைகிறது. கதையின் தவமும் காண்போரின் கண்விழிப்பும் ஒரே நேரத்தில் உச்சம் அடைகின்றன. களைப்பு மிகும் வேளைகளில் கட்டியங்காரனின் நகைச்சுவை கூட்டத்தைத் தட்டியெழுப்புகிறது. இங்குக் கால நீட்சி கலையின் உறுப்பாகவே செயல்படுகிறது. அதே காட்சியை மாலையில் ஒருமணி நேரத்துக்குச் சுருக்கி நிகழ்த்தினால் கதை எஞ்சும்; அந்த அனுபவம் எஞ்சாது.

மின்னணு இசை இரவிலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு. டிஜே ஓர் இசைத்தடத்தின் வேகத்தை அடுத்ததன் வேகத்தோடு பொருத்தி, முறிவு தெரியாமல் ஒன்றை மற்றொன்றில் கரைக்கிறார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 வரையிலான அடிகள் மணிக்கணக்கில் தொடர்கின்றன. கீழ்த்தாயி ஒலியைச் சிறிது நேரம் நீக்கி, எதிர்பார்ப்பை வளர்த்து, மீண்டும் சேர்க்கும்போது கூட்டம் ஒருசேர எழுகிறது. தனித்தடம் ஒன்றை மட்டும் வீட்டில் கேட்டு ‘திரும்பத் திரும்ப ஒன்றே’ எனத் தீர்ப்புச் சொல்வது, கூத்தின் ஒரு தருவை மட்டும் கேட்டுக் கூத்தை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

விறலும் பண்ணையும்

மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பா முப்பத்திரண்டு பொருள்களைச் சுட்டுகிறது. எட்டுச் சுவையும் ஒவ்வொன்றும் நான்காக விரிவதால் இத்தொகை வருவதாக உரையாசிரியர்கள் விளக்குவர். சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் உணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் என்பன அந்நான்கு. கண்ணீர் அரும்பல், மயிர் சிலிர்த்தல் போன்றவை விறலில் அடங்கும். அந்நூற்பாவில் வரும் ‘பண்ணை’ என்பதற்கு விளையாடும் கூட்டம் என்று பொருள் கொள்வர். சுவை பற்றிய தமிழின் மிகப் பழைய இலக்கணம், கூட்டத்தையும் உடலையும் முன்னிறுத்தியே தொடங்குகிறது என்பது கருதத்தக்கது.

பிற்காலத் திறனாய்வு இந்நான்கனுள் உணர்வையும் குறிப்பையும் உயர்த்தி, விறலை அடையாளம் என்ற அளவில் நிறுத்திவிட்டது. சபா அரங்கின் நல்ல ரசிகர் தலையசைப்போடும் விரல்களில் போடும் தாளத்தோடும் அடங்கிவிடுகிறார். மின்னணு இசை இரவில் விறலே கேட்பின் வாயிலாகிறது. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி செவிக்கு எட்டுவதோடு மார்பிலும் பாதத்திலும் உணரப்படுகிறது. வியர்வையும் களைப்பும் களைப்புக்குப் பின் வரும் தெளிவும் அக்கேட்பின் படிநிலைகள் ஆகின்றன. கோவாவின் பாலோலெம் கடற்கரையில் இரவு ஒலித்தடையை எதிர்கொள்ள ஹெட்போன் அணிந்து ஆடும் வழக்கம் தோன்றியது. அங்கு இசை செவிக்குக் கிடைக்கிறது. நிலத்தின் அதிர்வு கிடைப்பதில்லை. கேட்போர் அலைவரிசை வாரியாகப் பிரிந்தும் போகலாம். விறலும் பண்ணையும் ஒருங்கே குறைபடும் இச்சூழல், அவ்விரண்டின் இன்றியமையாமையை மறுதலையாக உணர்த்துகிறது.

புறநகரும் இரவுக்கான உரிமையும்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் பண்பாட்டு, சமய நிகழ்வுகளுக்கு நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். மூடிய கூடங்களுக்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலியளவின் வரம்பு 45 டெசிபல். முதியோர், நோயாளர், மாணவர் ஆகியோரின் உறக்கத்தைக் காக்கும் இவ்விதியின் நியாயம் மறுக்க முடியாதது. எனினும் அதன் விளைவு சமமாக அமைவதில்லை. திறந்தவெளி இரவு முடிந்த பின் எஞ்சுவது விடுதிகளின் மூடிய கூடமே. அதன் நுழைவுக் கட்டணம் பலரை வெளியே நிறுத்துகிறது. கூத்தைக் காண நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. அந்த இரவை ஊர் பொறுப்பேற்கிறது. மின்னணு இசை இரவுக்கு அத்தகைய ஊர் இல்லை.

ஊர் இல்லாத கூட்டம் எத்தகையது என்பதற்கு, முழு இரவு நிகழ்வாக இல்லாவிடினும், அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் 10 அன்று, தாம்பரம் மாநகரக் காவல் எல்லைக்குட்பட்ட பனையூரில், ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடைபெற்றது. மழையால் ஆகஸ்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சி அது. அளவிறந்த கூட்டத்தால் நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலர் உள்ளே செல்ல இயலாமல் திரும்பினர். நெரிசலில் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகப் பெண்கள் பலர் பொதுவெளியில் தெரிவித்தனர். அவர்களின் குரலில் ஏமாந்த வாடிக்கையாளரின் சினத்தைவிடப் பற்று முறிந்தவரின் வருத்தமே மிகுதியாக ஒலித்தது.

இந்நிகழ்வு மேற்கூறிய வாதத்துக்கு ஒரு வரம்பையும் விதிக்கிறது. உடலால் கேட்பது விடுதலை தரும் அனுபவம் என்று மட்டும் கூறி நிறுத்த முடியாது. எந்த உடல் அச்சமின்றிக் கூட்டத்தில் கரையலாம் என்பது பாலினத்தாலும் பொருள்நிலையாலும் தீர்மானிக்கப்படுகிறது. போக்குவரத்தும் இதில் பங்கேற்கிறது. தாம்பரம்–கடற்கரைப் புறநகர் ரயில் நள்ளிரவை ஒட்டி ஓய்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ரயிலே இல்லை. சொந்த வாகனம் இல்லாதவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, விடியும்வரை தங்குதல் என்பது இசைத்தேர்வாக மட்டும் இருப்பதில்லை. எங்கே, யாரோடு, எவ்வளவு பாதுகாப்பாகத் தங்குவது என்னும் கணக்காகவும் மாறுகிறது.

முடிவுரை

மின்னணு இசை இரவின் ரசிகரைப் புரிந்துகொள்ளப் புதிய கலைச்சொற்கள் வேண்டும் என்பதில்லை. விறல், பண்ணை என்னும் பழஞ்சொற்களே அவருடைய கேட்பை நுகர்வு, மோகம் முதலிய சொற்களைவிடத் துல்லியமாக விளக்குகின்றன. கால நீட்சியைக் கலையின் உறுப்பாகக் கொள்ளும் பார்வை கூத்தாய்வில் ஏற்கெனவே உள்ளது. அதனை நகர்ப்புற இசைக்கும் விரிக்கலாம். ஆயினும் பண்ணை என்பது கூடிய கூட்டத்தை மட்டும் குறிப்பதாகாது. ஒருவரையொருவர் காக்கும் கூட்டமாகும்போதே அது விளையாட்டாகும். தென்சென்னைப் புறநகரில் இவ்விசையின் எதிர்காலம் கருவிகளைவிட, அத்தகைய கூட்டத்தை அமைக்கும் பொறுப்பை யார் ஏற்கின்றனர் என்பதைச் சார்ந்தே அமையும்.