மணமேல்குடியில் அலை எண்ணுவோம்

ஆடி அமாவாசைக்கு மணமேல்குடி கோடியக்கரையில் முழுக்குப் போட வருகிறவர்களைப் பாருங்கள். மெரினாவில் குளித்துப் பழகியவர்கள் சட்டென்று ஏமாந்துபோவார்கள். உள்ளே நடந்துகொண்டே இருப்பார்கள். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது. "என்னப்பா, ஏரி மாதிரி இருக்கு, அலையையே காணோமே" என்று கரையைப் பார்த்துக் கத்துவார்கள்.

அலை இருக்கிறது. அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அலைச்சறுக்கு கற்க ஆசைப்பட்டு என்னிடம் வழி கேட்கிற பிள்ளைகளை நான் முதலில் புதுக்கோட்டைக் கரைக்குத்தான் அனுப்புகிறேன். பலகை வேண்டாம். கண்ணும், நொடி காட்டும் கடிகாரமும் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பெரிய புத்தகம் எதற்கு?

காட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் வரை இந்த மாவட்டத்தின் கரை முழுவதும் பாக் விரிகுடாவுக்குள் அடங்கியது. தெற்கே ராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும், கிழக்கே இலங்கை, வடக்கே வேதாரண்யத்துக் கோடியக்கரை முனை. தென்கடலில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருகிற பெரிய அலைகளை இலங்கை தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. அதே தீவின் கிழக்குக் கரையில் அறுகம்பை உலகம் அறிந்த சறுக்குத்தளம். மறுபக்கத்து நமக்கோ குளத்து அலை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நம் கரை பிழைத்ததற்கும் பெரிய காரணம் இந்த மறைப்புதான். தனுஷ்கோடிப் பக்கம் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள்.

ஆக, இங்கே நாம் பார்க்கிற அலை, பக்கத்துக் காற்று இப்போது கிளப்பிய அலை. காற்று நின்றால் சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிடும். காரணமும் விளைவும் ஒரே பார்வையில் கிடைக்கிற இடம் இது. வேறு பாதையில் வந்த அலை குறுக்கே புகுந்து குழப்புவதில்லை.

போன தை மாதம் ஒரு காலையில் உட்கார்ந்து எண்ணினேன். கரையிலிருந்து ஐம்பது அடி தள்ளி ஒரு மரக்கம்பு ஊன்றியிருந்தது. அலையின் உச்சி கம்பைத் தொடும்போதெல்லாம் ஒன்று. ஒரு நிமிடத்தில் 19 வந்தது. 60ஐ 19ஆல் வகுத்தால் மூன்று நொடிக்குச் சற்று மேல். இதைத்தான் முன்னறிவிப்புகளில் அலை இடைவெளி என்று போடுகிறார்கள். உயரத்தைப் பார்த்துவிட்டு இந்த எண்ணை விட்டுவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. அலையின் குணமே இந்த எண்ணில்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. இடைவெளியை அதே எண்ணால் பெருக்கி, 1.56ஆல் பெருக்குங்கள். ஆழ்கடலில் ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய மீட்டரில் கிடைக்கும். 3 நொடி அலைக்கு 14 மீட்டர். 12 நொடி அலைக்கு 220 மீட்டருக்கு மேல். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலைக்கு அடித்தரை தட்டுப்படத் தொடங்கும். சின்ன அலை 7 மீட்டர் ஆழத்துக்கு வரும்வரை தரையை அறியாது. பெரிய அலை நூறு மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து, வேகம் குறைந்து, உயரம் கூடி, கரையில் எழுந்து நிற்கும். சறுக்குகிறவர்கள் காத்துக் கிடப்பது அந்த எழுச்சிக்காகத்தான்.

அடுத்து, அலை உடைகிற இடத்துக்குப் போய் நில்லுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடங்கள்; மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும், மிதித்தால் முள் பாயும். அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்தில்தான் அலை உடையும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தால், உங்கள் முன் உடைவது ஒரு சாண் அலை. மார்பளவு தண்ணீரில் உடைந்தால் ஒரு மீட்டர் அலை. அளவுகோல் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. பலகையோடு முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு இடுப்பளவில் உடைந்து நுரையாக வருகிற அலை போதும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

காற்றின் பெயர்களையும் கரையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வடகிழக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் தகடு போலக் கிடக்கும். கொண்டல் நேரே கரைக்கு வரும். தண்ணீர் கலங்கும், அலை முன்னும் பின்னுமாகச் சிதறும். நிலக்காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும், கடற்காற்று தள்ளிக் குலைக்கும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சறுக்குகிறவர்கள் விடியற்காலையில் இறங்குவதன் ரகசியம் இதுதான். பகல் ஏறி, கடற்காற்று வந்துவிட்டால் அலை கலைந்துவிடும்.

கரை நெடுக ஒதுங்கிக் கிடக்கும் நாடா நாடாவான காய்ந்த இலைகளைக் குப்பை என்று தாண்டிப் போகாதீர்கள். அது கடற்புல், கடல்தாழை என்றும் சொல்வார்கள். அடியில் அது மண்டியிருக்கிற இடத்தில் அலை இன்னும் தளர்கிறது, மண் அரிக்காமல் நிற்கிறது. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் அதைத்தான். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல். இந்த அமைதியான தண்ணீர் இல்லையென்றால் அந்தப் புல்வெளி இல்லை. அலை இல்லாததைக் குறையாகச் சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருப்பது அதனால்தான்.

இவ்வளவும் கண்ணில் பழகிய பிறகு முன்னறிவிப்பைத் திறந்து பாருங்கள். ஐதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இன்காய்ஸ் என்னும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், அலை உயரம், இடைவெளி, திசை, காற்று எல்லாவற்றையும் வரைபடத்தில் தருகிறது. அதில் 1 மீட்டர் என்றிருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று பொருள் இல்லை. மூன்றில் ஒரு பங்கான பெரிய அலைகளின் சராசரி அது. நீண்ட நேரம் நின்றால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அலை ஒன்றும் வரலாம். திசையைப் போடும்போது அலை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் போடுவார்கள்.

மணமேல்குடியில் 3 நொடியைக் கண்ணால் பார்த்தவர், வரைபடத்தில் 12 நொடி என்று படித்ததும் நிமிர்ந்து உட்காருவார். மீனவராக இருந்து அலைச்சறுக்குக்கு வந்த மூர்த்தி மேகவன் கோவளத்தில் பிள்ளைகளைப் பலகையில் ஏற்றியதும், 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதும், தொலைவிலிருந்து வருகிற அந்த நீண்ட அலைகளை நம்பித்தான்.

அதே நீண்ட அலை ஆளைக் கொல்லவும் செய்யும். உள்ளூரில் காற்றே இல்லாமல் திடீரென்று கரையேறுவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள்; 2012இல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இப்படிப்பட்ட கடல்தான் இழுத்துக்கொண்டது. இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை தந்த நாளில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தென்கரையில் காலை நனைக்காதீர்கள். நம் பெண்கடலும் புயல் நாளில் வேறு முகம் காட்டும். ஆழம் குறைந்த கடலில் புயல் தள்ளுகிற தண்ணீர் போக இடமில்லாமல் ஊருக்குள் ஏறும். 1964இல் தனுஷ்கோடி போனது அப்படித்தான்.

மணமேல்குடிக்கு விடியுமுன் வந்துவிடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் சின்ன அலையின் நிழல் தெரியும். கம்பைத் தேர்ந்தெடுத்து எண்ணுங்கள். எண்ணி முடித்ததும், தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கிற நாட்டுப்படகுகளைப் பாருங்கள். எல்லாப் படகின் அணியமும், அதாவது முன்முனையும், காற்று வரும் பக்கம் பார்த்திருந்தால், கடலை ஆள்வது காற்று. காற்று ஒரு பக்கம் வீச, அணியங்கள் வேறு பக்கம் திரும்பி நின்றால், அடியில் நீவாடு என்கிற நீரோட்டம் ஓடுகிறது. அன்றைக்கு முழங்காலோடு நின்றுகொள்ளுங்கள்.