குதிரைக்கு ஒரு நகரம்: பூசெபலசும் வெற்றியாளரின் நினைவுச் சின்னங்களும்

வெற்றியாளரின் நினைவுச் சின்னங்களைக் கலைப்படைப்புகளாக மட்டும் நோக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. எவர் நினைக்கப்படுகின்றனர், எவரது உழைப்பால் நினைக்கப்படுகின்றனர் என்னும் வினாக்கள் அந்நோக்கில் எழுவதில்லை. அலெக்சாந்தரின் குதிரையான பூசெபலஸ் பற்றிய நினைவு மரபு இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

இக்குதிரை பற்றிய செய்திகளை நாம் பெரிதும் புளூட்டாக், அரியன் ஆகிய இருவரிடமிருந்தே பெறுகின்றோம். இருவரும் அலெக்சாந்தர் இறந்து நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எழுதியவர்கள். தெசாலி நாட்டு வணிகன் குதிரைக்கு 13 தாலந்து விலை கூறினான் என்பர் புளூட்டாக். அது 78,000 திராக்மாவாகும். அக்கால ஏதென்ஸ் நகரக் கூலியாள் ஒருவன் நூறாண்டு உழைப்பினும் ஈட்டவியலாத தொகை அது. குதிரை தன் நிழலுக்கே மிரள்வதை அவதானித்த சிறுவன், அதனை ஞாயிற்றை நோக்கித் திருப்பி அடக்கினான். இக்கதையின் உயிர் கூர்ந்த அவதானிப்பிலேயே உளது. ஆயின் மசிடோனியா மகனுக்குப் போதாது என்று தந்தை பிலிப்பு கூறியதாகக் கதை முடியும்போது, ஒரு குதிரைப் பயிற்சி பேரரசு விரிவாக்கத்தின் முன்னறிவிப்பாக மாற்றப்பட்டுவிடுகின்றது.

அன்பின் மறுபுறத்தையும் இதே நூல்கள் காட்டுகின்றன. குதிரை களவுபோனபோது, அதனைத் திருப்பித் தராவிடின் அந்நாட்டு மக்கள் அனைவரையும் கொன்றொழிப்பதாக அலெக்சாந்தர் அறிவித்தான். களவு நிகழ்ந்த இடம் பற்றி இருவரும் முரண்படுகின்றனர். அச்சுறுத்தல் பற்றி முரண்படவில்லை. அரியன் இதனை மன்னனின் பற்றுக்குச் சான்றாகவே கொள்கின்றார். அச்சுறுத்தப்பட்ட மக்களின் நிலை அவரது கவனத்திற்கு வரவில்லை.

கி. மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னனுடன் நிகழ்ந்த போரையடுத்துக் குதிரை இறந்தது. காயத்தாலன்றி, முதுமையாலும் களைப்பாலும் இறந்தது என்பது அரியன் கூற்று. அதன் பெயரால் பூசெபலா என்னும் நகர் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பியாஸ் நதிக்கரையை அடைந்த படையினர் மேற்செல்ல மறுத்தனர். எட்டாண்டுகள் நடந்து, மழையில் நனைந்து, வீடு திரும்ப விழைந்தவர்கள் அவர்கள். திரும்பும் வழியில், மழையாற் சிதைந்த பூசெபலாவைச் செப்பனிடும் பணி அப்படையினரிடமே ஒப்படைக்கப்பட்டது. குதிரையின் பெயர் நிலைத்தது; சுவரைத் திருத்திய கைகளுக்குப் பெயரில்லை.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. கி. மு. 334இல் கிரானிக்கஸ் போரில் இறந்த ‘தோழர்’ எனப்பட்ட உயர்குடிக் குதிரைவீரர் இருபத்தைவருக்கு, லிசிப்பஸ் வார்த்த வெண்கலச் சிலைகள் டியோன் நகரில் நிறுவப்பட்டன. ஏனைய குதிரைவீரரும் காலாட்படையினரும் படைக்கலங்களுடன் புதைக்கப்பட்டனர். அவர்தம் குடும்பங்களுக்கு வரிவிலக்குக் கிடைத்தது. வரிவிலக்குப் பயனுடையதே, எனினும் சிலை எவருக்கு, சலுகை எவருக்கு என்பதை வர்க்க நிலையே தீர்மானித்தது.

எனினும் வெற்றியாளரைப் பற்றிய கலை யாவும் வெற்றியாளரின் குரலே எனக் கொள்வது இயந்திரப் பாங்கான முடிவாகும். 1831இல் பொம்பெயியிற் கண்டெடுக்கப்பட்ட அலெக்சாந்தர் பல்வண்ணக்கல் ஓவியம் இதனை மறுக்கின்றது. அதில் அலெக்சாந்தர் ஏறியுள்ள குதிரை பழுப்பு நிறத்தது. அரியன் கூறும் பூசெபலசோ கரியது. ஓவியத்தின் உணர்ச்சி மையம் அக்குதிரையன்று. தன் வீரனை நோக்கிக் கைநீட்டும் தாரியஸ், கேடயத்தில் தன் முகத்தையே காணும் வீழ்ந்த பாரசீகன் ஆகியோரிடமே அது குவிகின்றது. தோற்றவருக்கு முகமளித்த கலைஞன், வெற்றியின் விலையை உணர்த்திவிட்டான்.

பிற்காலச் சிலைகள் இவ்வுணர்வை இழந்தன. எடின்பரோவில் ஜோன் ஸ்டீலின் படைப்பு (1883இல் வார்க்கப்பட்டது) அடக்குபவனின் உடல் வலிமையைப் போற்றுகின்றது. தெசலோனிக்கியில் 1974இலும் ஸ்கோப்யேயில் 2011இலும் எழுந்த சிலைகளில், குதிரை இரு தேசியவாதங்களின் பீடமாயிற்று. பண்டைய மன்னன் எவருக்கு உரியவன் என்ற பூசல் 2018ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை நீண்டது. அவன் எவரை மிதித்துச் சென்றான் என்பதை இரு சிலைகளும் கேட்கவில்லை.

மனிதன் விலங்கின்மீது கொள்ளும் அன்பை நாம் இகழவில்லை. அவ்வன்புக்கு நகரெழுப்பிய சமுதாயம், அந்நகரின் சுவரெழுப்பியவரை மறந்ததையே சுட்டுகின்றோம். அம்மறதியையும் சின்னத்தின் ஒரு பகுதியாகக் கொண்டு வாசிப்பதே திறனாய்வின் பணியாகும்.